சட்டமும் சம்சாரமும்: ஒரே விமானம், இருவேறு கணக்கு

வாகட்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில், ஒரு கேள்வி அண்மைக்காலமாக அடிக்கடி தலைகாட்டி வருகிறது. ஹிஞ்சவடியில் உள்ள கம்பெனி ஒன்றில் பணிபுரியும் கணவருக்கு வெளிநாட்டில் வேலை அமைகிறது. மனைவியும் துணைவர் விசாவில் உடன் புறப்படுகிறார். அவர் வெறுமனே இருந்தவரல்லர். வீட்டின் ஒரு மூலையில் மேசை போட்டுக்கொண்டு, ஃப்ரீலான்ஸ் என்று இக்காலத்தார் கூறும் சுயேச்சைத் தொழிலைச் செய்து, தம் கையால் பொருளீட்டி வந்தவர். கணவருடைய விசா, விமானச் சீட்டு, வரிக்கணக்கு ஆகிய யாவற்றையும் கம்பெனியாரே ஆள் வைத்துக் கவனிக்கிறார்கள். மனைவியின் சம்பாத்தியம் என்னவாகும் என்று கேட்பார் ஒருவருமில்லை.

இம்மாதம் வந்த கடிதம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எழுதியவர் வீடுகளுக்கு உள்ளலங்கார வரைபடம் வரைந்து தரும் சகோதரி. புனேயில் இரு கட்டடக்காரர்களும், துபாயில் ஒருவரும் அவருக்கு வேலை தருகிறார்கள். கணவர் இங்கிலாந்து செல்கிறார். ஆகஸ்டு நடுவில் பயணம். "நாங்கள் இருவரும் ஒரே விமானத்தில்தானே போகிறோம்? அவர் என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் நானும் ஆகிவிடுவேன் அல்லவா?" என்று கேட்கிறார். கேள்வி எளியது, ஆனால் விடை அவர் எண்ணியபடி இல்லை. அதனை ஆற அமர விளக்குவதே இம்மாதத்து நோக்கம். மனைவியின் வேலையை முன்னிட்டு உடன் செல்லும் கணவன்மாரும் நம்மிடையே உண்டு. அவர்களும் இதனைத் தமக்கு எழுதியதாகவே கொள்க.

முதற் கேள்வி: அங்கே தொழில் செய்ய இடமுண்டா?

வரியைப் பற்றி நினைக்குமுன் விசாவைப் பார்க்க வேண்டும். துணைவர் விசா என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது நாட்டுக்கு நாடு வேறுபட்ட பொருளுடையது.

இங்கிலாந்தில், திறன்மிகு பணியாளராகச் செல்பவரின் துணைவர் வேலை பார்க்கவும், சொந்தத் தொழில் நடத்தவும் அனுமதி உண்டு. ஜெர்மனியிலும் குடும்ப ஒன்றிணைப்பின் பேரில் வரும் துணைவருக்குச் சட்டமே அவ்வுரிமையைத் தருகிறது. அமெரிக்காவிலோ நிலைமை வேறு. எச்-4 விசாவில் செல்லும் துணைவர் தனி அனுமதிப் பத்திரம் இன்றி எந்த வேலையும் செய்யலாகாது. அப்பத்திரமும், 2015-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதியின்படி, கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால்தான் கிடைக்கும். சிங்கப்பூரில் 2021 மே 1 முதல், துணைவர் அட்டை உள்ளவர் ஓர் அலுவலில் சேர வேண்டுமாயின் தமக்கெனத் தனி வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று.

"நான் அந்நாட்டில் யாரிடமும் வேலை பார்க்கவில்லையே, புனேக்காரருக்குத்தானே வரைகிறேன்?" என்று சிலர் கேட்கிறார்கள். வேலை எவருக்காக என்பதைக் காட்டிலும், உட்கார்ந்து வேலை செய்யும் இடம் எது என்பதையே குடியேற்றச் சட்டங்களும் வரிச் சட்டங்களும் பெரும்பாலும் நோக்குகின்றன. அனுமதியில்லாத நாட்டில் மடிக்கணினியைத் திறந்து சம்பாதிப்பது, பிற்காலத்தில் கணவரின் நிலைக்கும் கேடாக முடியலாம். ஆகையால் விசாவில் அச்சிட்டிருக்கும் நிபந்தனையைப் படித்த பின்பே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

நாட்கணக்கு

இனி நம் நாட்டு வரிச் சட்டத்துக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 அதன் தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. பிரிவு எண்கள் மாறின. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் நீங்கி வரி ஆண்டு என்ற ஒரே பெயர் வந்தது. ஆயினும் ஒருவர் இந்நாட்டில் வதிபவரா அல்லரா என்று முடிவு செய்யும் அடிப்படை மாறவில்லை. அது பாஸ்போர்ட்டைப் பார்த்தோ விசாவைப் பார்த்தோ முடிவாவதன்று. நாட்களை எண்ணி முடிவாவது. குடும்பத்துக்கு ஒன்றாக அன்றி ஆளுக்கு ஒன்றாக எண்ணப்படுவது.

ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தவர் வதிபவர் ஆவார். இது ஒரு விதி. அவ்வாண்டில் 60 நாளாவது இருந்து, அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளாவது இருந்தவரும் வதிபவரே. இது மற்றொரு விதி. இந்த இரண்டாம் விதியே நம்மவர் அறியாத கண்ணி. வாகட்டில் நிலையாக வாழ்ந்தவருக்கு 4 ஆண்டில் 365 நாள் என்பது ஐயமின்றி நிறைந்திருக்கும். ஆகவே மே மாதம் 30-ஆம் தேதியோடு அவருக்கு 60 நாள் நிரம்பிவிடும்.

ஆனால் இந்தியக் குடிமகன் ஒருவர் வேலையின் பொருட்டு நாட்டைவிட்டுப் புறப்படும் ஆண்டில், அந்த 60 என்பது 182 ஆகத் தளர்த்தப்படுகிறது. அவர் செப்டம்பர் 28-க்குள் புறப்பட்டுவிட்டால், 181 நாளோடு நின்று, அவ்வாண்டு முழுமைக்கும் வெளிநாட்டில் வதிபவர் ஆகிவிடுவார்.

நம் சகோதரியின் பயணத்தை இங்கே பொருத்திப் பார்ப்போம். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்டு 15 முடிய 137 நாள். கணவர் வேலையின் பொருட்டுச் செல்கிறார். 137 என்பது 182-க்குக் குறைவு. எனவே அவர் வெளிநாட்டில் வதிபவர். மனைவி கணவருடன் வாழச் செல்கிறார். தளர்வு அவருக்கு இல்லையெனின் 137 என்பது 60-ஐத் தாண்டிவிட்டது. எனவே அவர் அவ்வாண்டுக்கு இந்தியாவில் வதிபவர். ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்து சென்ற இருவரும் வரித்துறையின் ஏட்டில் இருவேறு பக்கத்தில் நிற்கிறார்கள். வதிபவர் என்றால், உலகில் எங்கு ஈட்டியதையும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் அந்த மார்ச்சு வரை அவர் ஈட்டும் பவுனும் இதில் அடங்கும்.

இதற்கு மாற்று வழி உண்டா? உண்டு. வேலை என்ற சொல், பிறரிடம் சம்பளத்துக்கு அமர்வதை மட்டும் குறிப்பதன்று. சொந்தத் தொழிலையும் வாணிகத்தையும் உட்கொள்ளும் என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான அத்தீர்ப்பு, 1982-ஆம் ஆண்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையையும் சான்றாகக் கொண்டது. ஆகவே நம் சகோதரியும், "நான் என் தொழிலை அங்கே நடத்தும் பொருட்டே செல்கிறேன்" என்று வாதிக்கலாம். ஆனால் வாய்ச்சொல் போதாது. தொழில் செய்ய இடந்தரும் விசா, புறப்படுமுன்பே செய்துகொண்ட ஒப்பந்தங்கள், சென்றவுடன் அந்நாட்டு வரி அலுவலகத்தில் செய்த பதிவு ஆகியவை கையில் இருந்தால் வாதத்துக்கு வலுவுண்டு. அனுமதிப் பத்திரம் இல்லாத எச்-4 துணைவர் இவ்வாறு வாதிப்பது தம்மையே காட்டிக்கொடுப்பதாகும். முதற் கேள்வியும் இரண்டாம் கேள்வியும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை வாசகர்கள் இதனால் உணர்வார்கள்.

வதிபவராக இருப்பது நட்டமா?

என்.ஆர்.ஐ. ஆவதே இலாபம் என்று பலரும் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படியன்று. சுயேச்சைத் தொழில் செய்வோருக்குச் சட்டம் தரும் இரு பெரும் சலுகைகள் வதிபவர்களுக்கு மட்டுமே உரியவை.

ஒன்று, ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று பழகிப்போன பெயரால் சொல்லும் உத்தேச வருமான முறை. பொறியாளர், மருத்துவர், கட்டடக் கலைஞர், உள்ளலங்காரம் செய்வோர் முதலிய குறிப்பிட்ட தொழிலினர், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டிவிட்டுக் கணக்கேடு எழுதும் தொல்லையினின்று விடுபடலாம். ரொக்கமாகப் பெற்றது 5 விழுக்காட்டுக்கு மேற்படாவிடில் இவ்வரம்பு 75 லட்சம். மற்றொன்று வரித் தள்ளுபடி. 2025-26 நிதியாண்டு முதலான புதிய விகித முறையில், தொழில் வருமானம் 12 லட்சம் வரை உள்ளவருக்கு வரியே இல்லை என்று செய்தித்தாள்கள் எழுதின அல்லவா? அது தள்ளுபடியால் விளைவது. அத்தள்ளுபடி வெளிநாட்டில் வதிபவருக்குக் கிடையாது. அவருக்கு 4 லட்சத்துக்கு மேல் வரி தொடங்கிவிடும்.

ஓர் உதாரணக் கணக்கு: ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை சகோதரி வாகட்டில் இருந்தபடி 10 லட்ச ரூபாய் ஈட்டினார், செலவு 1 லட்சம் என்று கொள்வோம். அவர் வதிபவரானால், பாதியாகிய 5 லட்சமே வருமானம். தள்ளுபடியால் வரி ஒன்றுமில்லை. வெளிநாட்டில் வதிபவரானால், செலவு போக 9 லட்சம் வருமானம். 4 லட்சத்துக்கு மேல் 8 வரை 5 விழுக்காடாக 20,000 ரூபாய். மேலுள்ள 1 லட்சத்துக்கு 10 விழுக்காடாக 10,000. மேல்வரி 4 விழுக்காடு சேர்த்து மொத்தம் 31,200 ரூபாய். இங்கே செய்த வேலையின் பலனாகையால், எங்கே வதிந்தாலும் இவ்வருமானத்துக்கு இந்தியாவில் வரி உண்டு என்பதை மறக்கலாகாது.

ஆகவே, அங்கே சென்று சில மாதம் தொழில் செய்யாமல் இருக்கப்போகும் பெண்மணிக்கு, முதலாண்டில் இந்தியாவில் வதிபவராக இருப்பதே நன்மை. சென்ற மறுவாரமே நல்ல வரும்படி காத்திருப்பவருக்கு வெளிநாட்டில் வதிபவராவது நன்மை. எது தமக்கு என்று இரண்டு பத்தியாகக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு பயணத் தேதியை உறுதி செய்க. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். நாட்களையும் அவ்வாறே அளக்க வேண்டும். எல்லைக்கு ஒரு நாள் முன்னதாக நிறுத்தாமல், நாலைந்து நாள் இடைவெளி விடுவது விவேகம்.

வதிபவராகவே நிற்பவருக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே தொடங்கிய வங்கிக் கணக்கை இங்கத்திய வருமான வரி அறிக்கையில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் குறிப்பிட வேண்டும். 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் இவ்வகைத் தவறுக்கு 10 லட்ச ரூபாய் அபராதம் விதிக்க இடந்தருகிறது. 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்கு உட்பட்டவற்றுக்கு அவ்வபராதம் இல்லை என்று தளர்த்தப்பட்டது. ஆயினும் குறிப்பிடும் கடமை நீங்கவில்லை. அங்கே வரி கட்டியிருந்தால் அதற்கான சான்றைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ளலாம். அதற்கெனத் தனிப் படிவம் உண்டு. உரிய காலத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

பணம் எங்கே வந்து சேர்கிறது?

வெளிநாட்டில் வதிபவரான பின்பும் பலர் செய்யும் காரியம் ஒன்றுண்டு. துபாய்க்காரர் பணம் அனுப்பினால், பழைய வழக்கப்படி அது வாகட்டில் உள்ள வங்கிக் கணக்கிலேயே வந்து விழுகிறது. இதில் என்ன தவறு என்று தோன்றும். ஆனால் வெளிநாட்டில் வதிபவராயினும், இந்தியாவில் முதன்முதலாகப் பெறப்பட்ட வருமானத்துக்கு இந்தியாவில் வரி உண்டு என்பது சட்டம். வேலை செய்தது இலண்டனில், கொடுத்தவர் துபாயில், ஆயினும் பணம் பெற்ற இடம் புனே. எனவே இங்கிலாந்தும் வரி கேட்கும், இந்தியாவும் கேட்கும். அந்நாட்டில் கணக்குத் தொடங்கி, முதலில் அங்கே பெற்று, பின்னர் வீட்டுக்கு வேண்டியதை இங்கே அனுப்பினால் இத்தொல்லை இல்லை. கையில் பெற்ற பணத்தை ஊருக்கு அனுப்புவது மறுபடியும் வருமானம் ஆகாது.

புனேயிலுள்ள கட்டடக்காரர்கள் தொடர்ந்து வேலை தருவதானால் அவர்களுக்கும் மாற்றம் உண்டு. இதுவரை அவர்கள் வதிபவருக்குரிய விகிதத்தில் டி.டி.எஸ். பிடித்தார்கள். இனி வெளிநாட்டில் வதிபவருக்குரிய விதிப்படி பிடிக்க வேண்டும். அது பெரிய தொகையாகலாம். இந்தியாவும் மற்ற நாடும் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் பலவற்றில், சுயேச்சைத் தொழிலருக்கென்றே ஒரு விதி இருக்கிறது. இந்தியாவில் நிலையான தொழிலிடம் இல்லாமலும், குறித்த நாட்களுக்கு மேல் இங்கே தங்காமலும் இருப்பவருக்கு வதியும் நாட்டில் மட்டுமே வரி என்பது அதன் சாரம். அதன் பயனைப் பெற, அந்நாட்டு வரி அலுவலகம் தரும் வதிவிடச் சான்றிதழ் வேண்டும். கேட்டவுடன் கிடைப்பதன்று; முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இந்திய வாடிக்கைக்காரரோ, வெளிநாட்டிலிருந்து பெறும் சேவைக்குத் தாமே ஜி.எஸ்.டி. செலுத்த வேண்டியவராகிறார். இவற்றை அவரிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை. பில் அனுப்பிய பின் சொன்னால் மனத்தாங்கல் வரும்.

புறப்படுமுன் புனேயில் முடிக்க வேண்டியவை

மகாராஷ்டிரத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் வரி உண்டு. சுயேச்சைத் தொழில் செய்வோரும் பெயர் பதிந்துகொண்டு ஆண்டுக்கு 2,500 ரூபாய் செலுத்த வேண்டும். நம் தமிழ்நாட்டில் இது நகராட்சி, ஊராட்சி முதலிய உள்ளாட்சி மன்றங்களில் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டப்படுவது. இங்கே மாநில அரசுக்குக் கட்டுவது. இந்த வேறுபாட்டினால், பதிந்ததையே மறந்து ஊரைவிட்டுச் செல்வோர் உண்டு. பதிவை நீக்காவிடில் ஆண்டுதோறும் பாக்கியும் வட்டியும் ஏறிக்கொண்டே போகும். புறப்படுமுன் பாக்கியைத் தீர்த்து, பதிவை நீக்க விண்ணப்பித்துச் செல்க.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவரும் அதனை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். நீக்கிய பின் 3 மாதத்துக்குள் இறுதி அறிக்கை ஒன்று தாக்கல் செய்ய வேண்டும். இதனை விட்டுவிடுவோர் பலர். விளைவாகத் தாமதக் கட்டணம் வரும்.

வங்கி விஷயத்தில் சட்டம் வேறு. அந்நியச் செலாவணிச் சட்டம் நாட்களைக் காட்டிலும் நோக்கத்தைப் பார்க்கிறது. வேலை, தொழில் ஆகியவற்றின் பொருட்டோ, காலவரையறையின்றித் தங்கும் எண்ணத்தோடோ வெளிநாடு சென்றவர், சென்ற நாள் முதலே அச்சட்டத்தின்படி வெளிநாட்டவராகக் கருதப்படுவார். ஆகவே வரிச் சட்டத்தில் வதிபவராகவும், வங்கிச் சட்டத்தில் அல்லாதவராகவும் ஒரே பெண்மணி ஒரே நாளில் இருக்கக்கூடும். இதில் முரண்பாடு ஏதுமில்லை. சட்டங்கள் இரண்டு, அளவுகோல்களும் இரண்டு. எனவே சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்குத் தொடங்கலாம், அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 விழுக்காடும் மேல்வரியும் பிடிக்கப்படும். பி.பி.எஃப். கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை தொடரலாம். புதிதாகத் தொடங்க இயலாது.

வாகட்டில் மனைவி பெயரில் அடுக்குமாடி வீடு இருந்து, அதனை வாடகைக்கு விட்டுச் செல்வதானால், குடியிருக்க வருபவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வதிபவரானால், குடியிருப்பவர் வாடகையில் 30 விழுக்காடும் மேல்வரியும், அதாவது 31.2 விழுக்காடு, பிடித்து அரசுக்குக் கட்டக் கடமைப்பட்டவர். அறியாமல் முழு வாடகையும் கொடுத்துவந்த குடித்தனக்காரர் பின்னால் நோட்டீசு பெற்றால், பழி வீட்டுக்காரர் மீதும் விழும். அதிகமாகப் பிடித்த தொகையை வருமான வரி அறிக்கை தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

வரித்துறையிடம் சான்று பெறாமல் எவரும் விமானம் ஏற முடியாது என்றொரு வதந்தி 2024-ஆம் ஆண்டில் பரவிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசே அதனை மறுத்து விளக்கம் தந்தது. கடுமையான நிதிக் குற்ற விசாரணையில் தேவைப்படுவோர், 10 லட்சத்துக்கு மேல் நேரடி வரிப் பாக்கி வைத்துத் தடையாணையும் பெறாதோர் முதலிய மிகச் சிலருக்கே அச்சான்று. மற்றவர் அஞ்ச வேண்டுவதில்லை.

சென்ற இடத்தில்

இங்கிலாந்தில் வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை. தொழில் வரவு ஆண்டுக்கு 1,000 பவுனைத் தாண்டினால், அவ்வாண்டு முடிந்ததும் வரும் அக்டோபர் 5-க்குள் வரி அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வேலை தந்தவர் புனேயில் இருப்பினும், அங்கே அமர்ந்து செய்த வேலை அங்கத்திய வருமானமே. ஜெர்மனியில் தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் வரி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் வருமான வரியன்றிச் சுயதொழில் வரி என்று 15.3 விழுக்காடு தனியே உண்டு. அது அந்நாட்டு முதுமைக்காலப் பாதுகாப்புக்கான தொகை. அந்நாட்டோடு நமக்கு அவ்வகை ஒப்பந்தம் இல்லாமையால், அதிலிருந்து விலக்குப் பெற வழியில்லை. மேலும் அங்கே வரிக்கு வதிபவரான பின், இந்தியாவிலுள்ள வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒருநாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அந்நாட்டு அரசுக்குத் தனியே அறிவிக்க வேண்டும். அம்மா பெயரோடு கூட்டாக வைத்த கணக்கும் இதில் அடங்கும்.

வளைகுடா நாடுகளில் தனிநபருக்கு வருமான வரி இல்லையென்று மகிழ்ந்து செல்வோருக்கு ஒரு சொல். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்தியாவிலிருந்து வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியிருந்து, வேறெந்த நாட்டிலும் வரிக்குட்படாத இந்தியக் குடிமக்கள், இங்கே ஒருநாள் கூட இல்லாவிடினும் வதிபவராகக் கருதப்படுவார்கள். ஆனால் வெளிநாட்டில் ஈட்டி வெளிநாட்டிலேயே பெற்றதற்கு, அத்தொழில் இந்தியாவிலிருந்து நடத்தப்பட்டாலன்றி, இதனால் இங்கே வரி வருவதில்லை.

தாய்வீடு வரும்போது

பின்வரும் ஆண்டுகளில் விடுமுறைக்கு வந்து தங்குவோருக்கு 182 நாள் என்ற தாராளமான வரம்பு உண்டு. இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேற்பட்டால் அது 120 நாளாகக் குறையும். நம் குடும்பங்களில் இவ்வரம்பைத் தாண்டச் செய்வது பெரும்பாலும் பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்தால், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆன பிறகுதான் திரும்புவது வழக்கம். மதுரையிலோ திருச்சியிலோ அம்மா கையால் பத்தியம் உண்டு கிடக்கும் பெண் நாள் எண்ணிக்கொண்டிருப்பாளா? அவள் எண்ண வேண்டாம், கணவர் எண்ணட்டும். ஏப்ரல் முதல் தேதிக்கு இருபுறமும் பிரிந்து அமையும்படி வருகையை வகுத்தால், எந்த ஆண்டிலும் 182 நாள் நிறையாது. அதனோடு, தாய்வீட்டில் அமர்ந்து தொழில் செய்தால் அவ்வேலையின் பலன் இந்தியாவில் விளைந்ததாகும் என்பதையும் நினைவிற் கொள்க. ஓய்வுக்காலத்தில் ஓய்வாகவே இருப்பது உடலுக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது.

வாசகச் சகோதரிகளுக்கு நாம் வற்புறுத்துவது ஒன்று. கம்பெனியார் அமர்த்தும் ஆடிட்டர் கணவருடைய கணக்கைப் பார்க்கவே கட்டணம் பெற்றவர். "என் கணக்கையும் பார்ப்பீர்களா?" என்று நேரில் கேளுங்கள். இல்லையெனில் உங்களுக்கெனத் தனி ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் செல்லும்போது பாஸ்போர்ட்டின் முத்திரையிட்ட பக்கங்கள், கடந்த 4 ஆண்டுப் பயணத் தேதிகள், விசா நிபந்தனை, வாடிக்கைக்காரர் ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்குகளின் பட்டியல் ஆகிய ஐந்தையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் தரும் கட்டண ரசீதும் உங்கள் தொழிற்செலவே.

வெளிநாட்டு ஏடுகளில் சார்ந்திருப்பவர் என்றே துணைவரின் பெயர் எழுதப்படுகிறது. பத்தாண்டு உழைத்துச் சேர்த்த வாடிக்கையும் நற்பெயரும் உள்ள ஒருவருக்கு அச்சொல் கசக்கத்தான் செய்யும். ஆயினும் விசாவில் சார்ந்தவர் என்று எழுதினாலும், வரி ஏட்டில் அவர் தனி மனிதரே. அவர் நாட்கள் தனி, வருமானம் தனி, பொறுப்பும் தனி. அத்தனிமையைச் சுமையென்று கணவரிடம் விட்டுவிடாமல், தம் உரிமையென்று பேணிக்கொண்டால், ஈட்டியது கையில் நிற்கும். நாடு திரும்பும் காலத்திலும் தொழில் அறுபடாமல் தொடரும்.

வெளிநாட்டில் சில ஆண்டு இருந்துவிட்டு வாகட்டுக்கே திரும்பும் குடும்பங்கள், திரும்பும் ஆண்டில் கவனிக்க வேண்டியவற்றை அடுத்த திங்கள் எழுத எண்ணியுள்ளோம். அதுபற்றி ஐயமுள்ள அன்பர்கள், பெயரை வெளியிட விருப்பமில்லையாயின் அதனைக் குறிப்பிட்டு, சங்கத்தின் முகவரிக்கு எழுதலாம்.